நீலச் செருப்பு கிடந்த பாய்

முகத்துக்கு மேல் கடைசி இலை வந்து படிந்ததும் அம்சவேணிக்கு உலகம் மொத்தமும் பச்சையாகிப் போனது. கண்ணுக்குக் குளுமையான பச்சை என்று நினைத்துவிட வேண்டாம். வெயிலை வடிகட்டி உள்ளே விடுகிற, கோடு கோடாக நரம்பு ஓடுகிற, மஞ்சள் தட்டிய பச்சை; கண்ணைத் திறந்தாலும் அதுதான், மூடினாலும் அதுதான். மூக்குக்கு நேராக ஸ்டெல்லா நகத்தால் ஒரு கீறல் கீறிவிட்டாள். “மூச்சு விட முடியுதாக்கா?” “ம்.” “இனிமே பேசக் கூடாது. தூக்கம் வந்தாத் தூங்குங்க. வேர்த்து ஊத்தும், பயந்துராதீங்க.” பயந்துராதீங்க என்று ஒருத்தி சொன்ன பிறகுதான் பயமே வருகிறது, அதுவரைக்கும் அது பாட்டுக்கு எங்கேயோ சும்மா கிடந்தது. கணுக்காலில் ஒரு கட்டு, முழங்காலில் ஒன்று, இடுப்பில், நெஞ்சில். வாழைநாரை நனைத்து நனைத்துக் கட்டினாள் ஸ்டெல்லா. கைகளை உடம்போடு சேர்த்து உள்ளே வைத்தாயிற்று. சிறுமலை அடிவாரத்து இந்த இயற்கை வைத்தியசாலைக்கு வந்த நாளிலிருந்து மண் பூசினார்கள், வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்தார்கள், மூச்சை எண்ணச் சொன்னார்கள், எதற்கும் அவள் முகம் சுளிக்கவில்லை. இன்றைக்குத்தான் வாழையிலைக் குளியல். மொட்டைமாடியில் பாயை விரித்து, உச்சி முதல் உள்ளங்கால் வரை இலையில் சுற்றி, வெயிலில் போட்டுவிடுவது. பக்கத்துப் பாயில் ஏற்கெனவே ஒரு பச்சைப் பொட்டலம் கிடந்தது. ஒட்டன்சத்திரத்து வேலம்மா. சாப்பாட்டுக் கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிற பொம்பளை. யாரோடும் பேசுவதில்லை, காலில் மெட்டி இல்லை, அதற்கு மேல் அவளைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவள் கால்மாட்டில் நீல வார் வைத்த, மெத்தென்ற ரப்பர் அடியுள்ள எம்.சி.ஆர். செருப்பு. அம்சவேணியுடையதும் அதே நீலம்தான், இங்கே காலை ஊன்ற முடியாமல் வருகிற அத்தனை பேருக்கும் அதே செருப்புத்தான். “உங்க செருப்பு வெயில்ல கிடந்தா ரப்பர் இளகிரும்க்கா. தண்ணித் தொட்டிக்கு அடியில நிழல்ல போடுறேன்.” சரக் சரக்கென்று ஸ்டெல்லாவின் காலடி படியில் இறங்கிப் போனது.

இலை சுட ஆரம்பித்ததும் ஒரு வாசம் கிளம்பியது. சுடுசோற்றை இலையில் கொட்டினால் வருமே, அதே வாசம். கல்யாணப் பந்தி. காதுகுத்து. அப்புறம், கருமாதி. சே, அந்தப் பக்கம் போகாதே என்று மனசை இழுத்தாள். இழுத்து எங்கே கொண்டுபோய்க் கட்டுவது? சுற்றிச் சுற்றி அது ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறது. ஞாயித்துக்கிழமை வாரேன், நேர்ல பேசணும். போனில் புருஷன் தண்டபாணி சொன்னது அவ்வளவுதான். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஸ்பின்னிங் மில்லில் மிஷின் சத்தத்துக்கு நடுவே காலம் தள்ளுகிற மனுஷன், வீட்டிலும் பேச்சு குறைவு; அப்படிப்பட்டவன் நேர்ல பேசணும் என்றால் அது என்ன பேச்சாக இருக்கும்? எதற்கு நேரில்? போனில் சொல்ல முடியாத ஒன்று. முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய ஒன்று. உங்க அண்ணன் வீட்டுல கொஞ்ச நாள் இரு என்பானோ? அந்தக் கொஞ்ச நாள் என்பது முடிகிற நாள் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். மாமியார் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அடுப்படியில், வாசலில், பால் வாங்கும்போது, பக்கத்து வீட்டுக்காரியிடம். “காய்ச்சல் இல்ல, வீக்கம் இல்ல, எடுத்த எக்ஸ்ரே போட்டோ எல்லாத்துலயும் ஒண்ணுமில்லேன்னு எழுதிருக்கு. நல்லாத்தான் சாப்பிடுறா. வேலைன்னா மட்டும் வலி வந்துருது. நடிப்புடீ, நடிப்பு.” இதையெல்லாம் தண்டபாணி கேட்டுக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, ஷிப்டுக்குப் போய்விடுவான். ஆமாம் என்று சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை. அந்தச் சும்மா இருத்தல் இருக்கிறதே, அதற்கு மாமியாரே தேவலை.

வலி என்று ஒரு பேரைச் சொல்லிவிட்டால் அது ஓரிடத்தில் நிற்க வேண்டாமா? பல்வலி என்றால் பல்லில் இருக்கிறது. அம்சவேணியுடையது அப்படி இல்லை. அவள் அதற்கு ‘அது’ என்றுதான் பேர் வைத்திருந்தாள். காலையில் எழுந்தால் அது குதிகாலில் இருக்கும். பல் விளக்குவதற்குள் தோள்பட்டைக்குப் போய்விடும். மத்தியானம் இடுப்பு. சாயங்காலம் விரல் கணுக்கள். சில நாள் உடம்பு பூராவும் ஒரே நேரத்தில் விளக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தூங்கி எழுந்தால் யாரோ ராத்திரி முழுக்கத் தூக்கிப்போட்டு மிதித்த மாதிரி. தலையணை உறை கன்னத்தில் பட்டால் எரியும், தலைக்கு எண்ணெய் வைத்தால் முடி வேர் ஒவ்வொன்றும் தனித்தனியாக நோகும். இதை யாரிடம் போய்ச் சொல்வது? முடி வலிக்கிறது என்றால் சிரிக்க மாட்டார்களா? அதனால் கேட்கிறவர்களுக்கெல்லாம் ஒரே பதில் வைத்திருந்தாள். பரவால்ல. எப்படிம்மா இருக்க? பரவால்ல. தண்டபாணி எப்போதாவது, வருஷத்துக்கு ஒரு தரம், சட்டையைக் கழற்றிக்கொண்டே, “ரொம்ப வலிக்குதா?” என்பான். “அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீங்க சாப்பிடுங்க.” பதில் சொல்வது அவள்தான், ஆனால் அந்த வாய் யாருடையது என்று அவளுக்கே தெரியாது. இங்கே உள்ள டாக்டரம்மாதான் கட்டைவிரலால் கழுத்தடி, முழங்கை, முழங்கால் என்று அழுத்திப் பார்த்து, அவள் துடித்த துடிப்பைப் பார்த்து, ஃபைப்ரோமயால்ஜியா என்று ஒரு பேர் சொன்னாள். “நடிப்பில்லம்மா. நரம்பு, வலியைப் பெருசாக் காட்டுது. அடியோட போக்கித் தர்றேன்னு பொய் சொல்ல மாட்டேன். அதோட வாழப் பழகலாம்.” நேரத்துக்குத் தூக்கம், இளவெயில், மெதுவான நடை, சூடான ஒத்தடம், மூச்சு. உடம்பு கொஞ்சம் நல்லா இருக்கிற நாளில் கிடந்த வேலையெல்லாம் இழுத்துப்போட்டுச் செய்யக் கூடாது. அம்சவேணி வருஷக்கணக்காகச் செய்துவந்த தப்பு அதுதான், ஒரு நாள் ஓடி நாலு நாள் படுப்பது. எல்லாவற்றையும் மண்டையில் ஏற்றிக்கொண்டாள். கடைசியாகச் சொன்னதை மட்டும் ஏற்றிக்கொள்ள முடியவில்லை. “வலிக்குதுன்னா வலிக்குதுன்னு வாயைத் திறந்து வீட்ல சொல்லணும். அதுவும் வைத்தியம்தான்.” அடேயப்பா, மண்ணைத் தின்னச் சொல்லியிருந்தால்கூடத் தின்றிருப்பாள்.

வேர்வை முதுகில் ஓட ஆரம்பித்தது. இலைக்கும் தோலுக்கும் நடுவில் ஏதோ ஊர்கிறது, புழுவா என்று ஒரு கணம் தூக்கிவாரிப் போட்டது, இல்லை, வேர்வைதான். கையை எடுத்துத் துடைக்கலாம் என்று நினைத்தாள். கை வரவில்லை. கட்டு. கட்டியிருக்கிறது என்று தெரிந்தும் இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தாள். கால்விரலை அசைத்தாள். அசைந்ததா? அம்மாவை இப்படித்தான் கட்டினார்கள். நடுவீட்டில் படுக்க வைத்து நாடிக்கட்டுப் போட்டு, கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்து ஒரு துணித்துண்டால் ஒருவர் இறுக்கினார். நன்றாக இறுக்கினார், விரல் நுனி வெளுத்துப்போக. “பார்த்துக் கட்டுங்க, வலிக்கப் போகுது,” என்று அம்சவேணி சொல்லிவிட்டாள். கூடியிருந்த கூட்டம் அத்தனையும் திரும்பி அவளைப் பார்த்தது. அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். செத்தவளுக்கு என்னடி வலி? ஆனால் அவளுக்குத் தெரிந்தது. அம்மாவுக்கு வலித்தது. அம்மா சொல்லவில்லை, அவ்வளவுதான். உயிரோடு இருந்தபோதும் அம்மா சொன்னதில்லை. அந்த ராத்திரிதான் முதல் முதலாக அம்சவேணியின் கால் பெருவிரலில் ஒரு தெறிப்பு வந்தது, பிறகு கணுக்கால், பிறகு. அப்படியானால் அது அங்கேயிருந்துதான் வந்ததா? கட்டை அவிழ்க்காமலே கொண்டுபோனார்களே, போகிறதுக்கு வேறு வழி இல்லாமல் பக்கத்தில் நின்றவள்மேல் ஏறிக்கொண்டதா? டாக்டரம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் வேறு டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவாள். சரி, இப்போது பெருவிரல் எப்படி இருக்கிறது? கேட்டுப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. குதிகால்? பேச்சில்லை. இடுப்பு, தோள், கழுத்தடி என்று ஒவ்வொரு அறையாகக் கதவைத் தட்டிக்கொண்டு போனாள். எங்கேயும் ஆள் இல்லை. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு நிசப்தம் கிடையாது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? வலி இல்லாவிட்டால் இந்த இலைக்குள் கிடப்பது யார்? அது இருந்தவரைக்கும் உடம்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றாவது தெரிந்தது. இப்போது விளிம்பே இல்லை. செத்துப்போனால் இப்படித்தான் இருக்கும்போல. இல்லை, செத்தால் வேர்க்காது. வேர்க்கிறதா? மூக்குக் கீறலில் காற்று வந்துபோகிறதா? போகிறது. அப்படியானால் அது எங்கே போனது? இவ்வளவு காலம் குடியிருந்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல், கட்டிப்போட்ட உடம்பை விட்டு இறங்கி எங்கே போயிருக்கும்? பக்கத்தில்தான். பக்கத்துப் பாயில் ஒன்று கிடக்கிறதே. அங்கேதான் போயிருக்கும். அம்சவேணி மூச்சை அடக்கிக்கொண்டு கவனித்தாள். பக்கத்துப் பொட்டலத்தில் இலை மெல்ல ஒரு தரம் சரசரத்தது.

தொம்மென்று ஏதோ சுவரில் வந்து உட்கார்ந்தது. கா. ஐயோ, காக்கா. மொட்டைமாடி, வாழையிலை, உச்சிவெயில். அதுக்கு என்ன தெரியும், பந்தி போட்டிருக்கிறார்கள் என்று வந்துவிட்டது. வீட்டில் அமாவாசைக்கு அமாவாசை மாமியார் இதே மாதிரி மாடியில் இலை போட்டுச் சோறு வைத்து, கா கா என்று தொண்டை வறளக் கூப்பிடுவாள். மாமனார் வந்து கொத்தினால்தான் கீழே யாருக்கும் சோறு. வராவிட்டால் குற்றம் மருமகளுடையது, தீட்டோடு சமைத்தாயா, மனசில் என்ன நினைத்துக்கொண்டு சமைத்தாய். இப்போது கூப்பிடாமலே வந்திருக்கிறது. யார் வீட்டு ஆள்? சுவரிலிருந்து தரைக்கு. தத்தித் தத்தி நகம் சிமென்டில் கீறுகிற சத்தம். அம்சவேணியின் கால்மாட்டில் நின்றது. இலைமேல் ஏறியது. கணுக்கால், முழங்கால், தொடை. ஒவ்வொரு நகமும் தனியாகத் தெரிந்தது, கனம் என்று ஒன்றும் இல்லை, ஆனால் தெரிந்தது. முகத்துக்கு மேலே பச்சை வெளிச்சத்தில் ஒரு கறுப்பு நிழல் தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது. அம்மாவா? கொத்திவிடாதே. மூக்குக் கீறல் வழியாக ஒரு கண் தெரிந்த மாதிரி இருந்தது. அப்புறம் அது விருட்டென்று தாவிப் பக்கத்துப் பாய்க்குப் போய்விட்டது. வேலம்மாவின் இலையை டக் டக் டக்கென்று கொத்தியது. உள்ளேயிருந்து, “வந்துட்டீகளா?” என்று ஒரு குரல் வந்தது. தூக்கத்தில் பேசுகிற குரல். காக்காயிடம் கேட்ட கேள்வி. அம்சவேணிக்கு அந்த வேர்வையிலும் உடம்பு சில்லிட்டது.

அதே நேரம் பார்த்துப் படிக்குக் கீழேயிருந்து ஸ்டெல்லாவின் சத்தம். “அஞ்சு நிமிஷம்தான் சார். அவங்களைப் பேச விடாதீங்க. நீலச் செருப்புக் கிடக்குற பாய்!” படியேறி வருகிற அந்தக் காலடி அவளுக்குத் தெரியும். வலது காலைக் கொஞ்சம் அழுத்தி வைக்கிற நடை. காக்கா பறந்தது. அவன் மேலே வந்து நின்றான். மூச்சு வாங்கியது. இரண்டு பச்சைப் பொட்டலத்தையும் பார்த்திருப்பான், எது என்று திகைத்திருப்பான், செருப்பைத் தேடியிருப்பான். ஐயையோ, என் செருப்பு தொட்டிக்கு அடியில் கிடக்கிறதே, எடுத்துப் போட்டவளே மறந்துவிட்டாளே! காலடி அவள் பக்கம் வந்து, தயங்கி, நகர்ந்து, பக்கத்துப் பாயின் ஓரமாகப் போய் நின்றது. குத்தவைத்து உட்காரும்போது முழங்கால் சொடக்கிட்டது. நான் இங்கே இருக்கேன், என்று சொன்னாள். சொன்னாளா? உதட்டில் இலை ஒட்டியிருந்தது. என்னங்க, என்று கூப்பிட்டாள். மனசுக்குள்தான் கூப்பிட்டிருக்கிறாள், வெளியே ஒரு காற்றும் வரவில்லை. இன்னொரு தரம் முயன்றிருக்கலாம், உருண்டிருக்கலாம், தொண்டையைக் கனைத்திருக்கலாம். ஆனால் உள்ளே ஒருத்தி பொறு என்றாள். நேர்ல பேசணும் என்றானே, அது என்ன என்று தெரிந்துகொண்டு பிறகு கத்து. என்ன மனசோ இது. “புள்ள,” என்றான் தண்டபாணி. கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளைக் கூப்பிடுவது அப்படித்தான். பேர் சொன்னதே இல்லை, அவளும் சொன்னதில்லை, அந்த வழக்கமெல்லாம் இன்னும் அவர்கள் பக்கம் இருக்கிறது. “தூங்குறியா? நீ பேசாத. நான்தான் பேசணும். மூஞ்சியப் பாத்தா எனக்குப் பேச வராது. இப்ப மூஞ்சி தெரியல, அதான்.” கீழே எங்கோ பம்புசெட் ஓடியது. “அம்மா சொன்னதையே ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டு இருந்துட்டேன். நெசமோ பொய்யோன்னு எனக்கே ஒரு இது. உன்கிட்ட கேட்டா ஒண்ணுமில்லேங்குற. பக்கத்துல வந்தாத் தள்ளித் தள்ளிப் படுக்குற. என்னைப் பிடிக்கலை போல, அதுக்குத்தான் இதெல்லாம்னு நெனச்சேன். ஒரு தரம், ஒரே ஒரு தரம், எனக்கு உள்ளதைச் சொல்லு புள்ள. நீ சொல்றதை நம்புறேன். வலிக்குதா?”

அம்சவேணியின் வாய் அந்த வழக்கமான பதிலுக்குத் தயாரானது. பக்கத்துப் பாயில் கிடந்தது முந்திக்கொண்டது. “வலிக்குதுங்க.” இலைக்கு அடியிலிருந்து கசங்கி வந்த குரல், யாருடையது என்று சொல்ல முடியாத பொம்பளைக் குரல், அம்சவேணியுடையதாகவும் இருக்கலாம். அவள் குரல்தானா? தன் உதடு அசைந்ததா என்று பார்த்தாள். இல்லை. “எங்கன்னு கேக்காதீங்க. எங்கயும்தான். சேலை பட்டா வலிக்குது. தலை வாருனா முடிக்கும் வலிக்குது. எந்திரிக்கும்போதே செத்துப்போய் எந்திரிக்கிறேன். நடிக்கத் தெரிஞ்சிருந்தா வலிக்கலேன்னு இன்னும் நல்லா நடிச்சிருப்பேன்ல?” முடி. முடி வலிப்பது வேறு யாருக்கும் தெரியாதே. அதுதான், அதுவேதான். இறங்கிப் போனது அங்கே போய்ப் படுத்துக்கொண்டு, இத்தனை வருஷம் நான் மூடி வைத்ததையெல்லாம் என் புருஷனிடம் அவிழ்த்துக் கொட்டுகிறது. அப்படியானால் இங்கே கிடப்பது வெறும் இலை. அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. ஸ்டெல்லா வருவாள், ஒவ்வொரு இலையாக உரிப்பாள், கடைசியில் ஈரப்பாய். புருஷனோடு எழுந்து படியிறங்கிப் போவது அந்த இன்னொன்றாக இருக்கும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது, மாமியாருக்குக்கூட. “உங்களைப் பிடிக்காமத் தள்ளிப் படுக்கலைங்க,” என்றது அது. “நீங்க தொட்டாலும் வலிச்சுருமோன்னு பயம். தொடலேன்னாலும் ஏக்கம். ரெண்டுக்கும் நடுவுல கிடந்தேன். இதை உங்ககிட்ட சொல்லாமப் போயிருமோன்னு இருந்தேன்.” தண்டபாணி அழுதான். அவன் அழுது அவள் கேட்டதில்லை, முதலில் இருமல் என்றுதான் நினைத்தாள். அடிப்பாவி, அழுகிறாரே, அவருக்கு ஒரு கை கொடுக்க முடியவில்லையே. இந்த நார்க் கட்டை அறுத்துக்கொண்டு எழுந்து போய் அந்தத் தலையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். பொறாமையா இது? பொறாமைதான். அந்த அழுகை எனக்காக வந்தது. பதில் சொன்னது மட்டும் நான் இல்லை. நான் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? ஒண்ணுமில்ல, நீங்க சாப்பிட்டீங்களா. அவ்வளவுதான், அவரும் எழுந்து போயிருப்பார், இந்த ஜென்மத்தில் இன்னொரு தரம் கேட்டிருக்க மாட்டார்.

“தனியா ஒரு எடம் பாத்திருக்கேன்,” என்றான் அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “சின்னதுதான். நமக்குப் போதும். படி ஏற வேண்டாம். காலைல வெயில் உள்ள வரும். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக, உன் இஷ்டத்துக்கு எந்திரி, படு. கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். வாரியா?” “வாரேன்,” என்றது இலை, உடனே, ஒரு பொட்டுத் தயக்கம் இல்லாமல். “வாரேங்க.” “அவசரமில்ல. மெதுவா வா. முடியுறப்ப வா. நான் காத்துக்கிட்டு இருக்கேன்.” முழங்கால் மறுபடி சொடக்கிட்டது. வலது காலை அழுத்தி வைக்கிற நடை படியிறங்கித் தேய்ந்துபோனது. பிறகு வெயில் மட்டும். ஒரு சின்ன முனகல், கிட்டத்தட்டச் சிரிப்பு, பக்கத்திலிருந்து கேட்டது.

ஸ்டெல்லா வந்து கட்டுகளை அவிழ்த்தபோது அம்சவேணி முதலில் தன் கையைத்தான் பார்த்தாள். இருந்தது. இலைதான் வெந்து பழுப்பேறியிருந்தது; தோல் சுருங்கி, விரல் ஐந்தும் இருந்தன. எழுந்து உட்கார்ந்ததும் கழுத்தடியில் சுரீரென்றது, அப்புறம் குதிகால், அப்புறம் இடுப்பு. ஒவ்வொரு அறையிலும் விளக்கெரிந்தது. வந்துட்டியா, என்றாள் உள்ளுக்குள். எத்தனை வருஷமாகத் திட்டிய பயல், அவனைக் கண்டு நிம்மதி வருமா? வந்தது. பக்கத்துப் பாயில் வேலம்மாவை உரித்தெடுத்தாள் ஸ்டெல்லா. வெறும் மனுஷிதான். நரைத்த மயிர் நெற்றியில் ஒட்டி, திருநீறு கரைந்து, கண் இரண்டும் அப்படி மின்னிக்கொண்டிருந்தன. ஸ்டெல்லா தண்ணீர் எடுக்கப் போனதும் வேலம்மா அம்சவேணியின் முழங்கையைப் பிடித்தாள், பிடித்த பிடியில் வலி மண்டைக்கு ஏறியது. இத்தனை நாளில் அவள் முகம் பார்த்துப் பேசிய முதல் பேச்சு. “இந்தாம்மா, நீ முழிச்சுத்தானே கிடந்த? கேட்டியா? எங்க வீட்டுக்காரர் வந்தாரு.”

“அக்கா...”

“செத்துப் பதினோரு வருசம். சாகுற அன்னைக்கும் என்னைப் பாத்து, நீ நடிச்சே என் காலத்தைக் கழிச்சிட்டடின்னு சொல்லிட்டுப் போன மனுசன். காக்காயா வந்து என்னைக் கொத்துனாரு. கொத்தி எழுப்பிட்டு, வலிக்குதான்னு கேட்டாரும்மா! என்கிட்ட! நான் சொன்னேன். அம்புட்டையும் சொன்னேன். நம்புறேன்னு சொல்லி அழுதாரு.” அவள் சிரித்தாள், பல் போன இடமெல்லாம் தெரிய. “எடம் பாத்து வச்சிருக்காராம். கூட்டிட்டுப் போறேன்னுட்டாரு. வாரேன்னு சொல்லிட்டேன். இனி என்ன இருக்கு? இந்த மருந்து, சோறு எல்லாம் வேண்டாம்னு அந்தப் புள்ளைகிட்ட சொல்லிரணும்.”

அது என் புருஷன் அக்கா, செருப்பு மாறிப்போச்சு. ஆறே வார்த்தை. நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. சொன்னால் என்னுடையது என்னிடம் வந்துவிடும், அந்த அழுகை, அந்தக் கேள்வி, எல்லாம். இவளிடம் என்ன மிஞ்சும்? நடிக்கிறாய் என்று சொல்லிவிட்டுச் செத்த ஒருத்தன். சொல்லாவிட்டால்? சோற்றைத் தள்ளிவிட்டுப் படுத்துக்கொள்வாள், ஆள் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு. கடவுளே, இதென்ன இக்கட்டு. அம்சவேணி அந்த மின்னுகிற கண்ணைப் பார்த்தாள். தண்டபாணி கடைசியாகச் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

“கேட்டேன்க்கா,” என்றாள். “நானும் கேட்டேன். ஆனா கடைசில என்ன சொன்னாரு, மறந்துட்டீங்களா? அவசரமில்ல, மெதுவா வா, நான் காத்துக்கிட்டு இருக்கேன்னாரு. இப்பவே ஓடி வரச் சொல்லலை.”

வேலம்மா யோசித்தாள். முகத்தில் ஒரு நிழல் வந்து, போனது. “ஆமா,” என்றாள் மெல்ல. “அப்படித்தான் சொன்னாரு. நீயும் கேட்டியா?” “என் காதால.” “உசிரோட இருந்தப்ப, சீக்கிரம் வா சீக்கிரம் வான்னு உசிரை எடுப்பாரு. இப்பத்தான் மெதுவா வரச் சொல்றாரு பாரேன்.” சொல்லிவிட்டு மறுபடி சிரித்தாள். ஸ்டெல்லா கொண்டுவந்த இளநீரை வாங்கி, ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

தொட்டிக்கு அடியிலிருந்து செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு அம்சவேணி முன்னால் இறங்கினாள். ஒவ்வொரு படிக்கும் குதிகால் ஒரு பேச்சுப் பேசியது. பின்னாலேயே, கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு, வேலம்மா இறங்கி வருகிற சத்தம். கீழே வேப்பமரத்தடி பெஞ்சில் தண்டபாணி உட்கார்ந்திருந்தான், கண் சிவந்து, கையில் கைக்குட்டையைச் சுருட்டி வைத்துக்கொண்டு. அவளைக் கண்டதும் எழுந்தான். அவன் உதடு பிரிவதைப் பார்த்தாள். புள்ள என்று கூப்பிடப் போகிறான். அந்தக் குரலை வேலம்மா கேட்கப் போகிறாள்.

உடம்பு அனுமதித்த வேகத்தைவிட வேகமாகப் போய் அம்சவேணி அவன் வாயைப் பொத்தினாள். நாலு பேர் பார்க்க, பட்டப்பகலில், உள்ளங்கை முழுசையும் அவன் உதட்டில் வைத்து. அவன் மீசை குத்தியது. மணிக்கட்டிலிருந்து தோள் வரைக்கும் வலி ஒரே ஓட்டமாக ஓடியது. அவன் கண் விரிந்து அவளையே பார்த்தது.

“நீங்க பேசாதீங்க. நான் பேசுறேன்.”

அவர்களைத் தாண்டி வேலம்மா போனாள். யாரையும் பார்க்கவில்லை. சாப்பாட்டுக் கூடத்துப் பக்கமாக, நீலச் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து, மெதுவாக. கூரை விளிம்பில் உட்கார்ந்திருந்த காக்காயை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் போய் மறைந்த பிறகும் அம்சவேணி கையை எடுக்கவில்லை. பரவால்ல என்று ஒன்று தொண்டை வரை வந்தது, அதை விழுங்கினாள்.

“வலிக்குதுங்க,” என்றாள். “இப்ப இந்தக் கை வலிக்குது. இருந்தாலும் கொஞ்ச நேரம் இப்படியே வச்சுக்கிறேன்.”